சமோசா எண்ணெயில் ஓடிய பஸ்

போன வாரம் காலை ஆறரை மணிக்கு பஷீர் பாய் போன் செய்தார். "சார், லாட்ஜ் பக்கம் கொஞ்சம் வர முடியுமா?" குரலில் நடுக்கம். குளிர் என்று நினைத்தேன். ஓசூரில் தை மாதம்... பனியும் சிப்காட் தொழிற்பேட்டைப் புகையும் ஒரே போர்வையில் படுத்திருக்கும் நேரம்.

பாயை உங்களுக்குத் தெரியாது. கம்பெனி கேன்டீன்களில் பொரித்து முடித்த எண்ணெயை வாங்கி, வடிகட்டி விற்பவர். யாருக்கு? தள்ளுவண்டி பஜ்ஜிக் கடைகளுக்கு. "என் வீட்டுப் பிள்ளைங்கள வண்டிக் கடையில திங்க விடமாட்டேன் சார்" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தத் தலையை நிமிர்த்தத்தான் பயோடீசல். பேரிகை ரோட்டில் ஒரு ஷெட். பழைய எண்ணெயைச் சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தேன் நிறத்தில் எரிபொருள். சொந்த டெம்போவில் ஊற்றி ஓட்டினார். போகிற தெருவெல்லாம் சமோசா வாசனை.

அப்புறம் ஒரு ஹாக்கி அணி வந்தது. சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் லீக் அணி. மைதானத்துக் கடைகளில் ரசிகர்களுக்குச் சமோசா பொரித்த எண்ணெயிலேயே வீரர்களின் பஸ்ஸை ஓட்டலாம் என்றார் பாய். அணி மேனேஜர் அந்த யோசனையில் மயங்கிவிட்டார். பாய் அன்றே வண்டிக் கடைகளுக்கு விற்பதை நிறுத்தினார்.

டீசலில் ஐந்தில் ஒரு பங்கு கலப்பதுதான் அவர் வழக்கம். மேனேஜருக்குப் போதவில்லை. "பேனர்ல நூறு பர்சன்ட்னு போட்டாச்சு பாய். கலப்படம்னு எவனாவது எழுதினா அசிங்கம்." பாய் ஊற்றினார். சுத்தமாக, நூறு.

நான் போனபோது அணி தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் பஸ் மூச்சில்லாமல் நின்றது. சென்னை மேட்சுக்குக் கிளம்ப வேண்டிய பஸ். டிரைவர் நஞ்சப்பா டீசல் பில்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று... நெய் உறைந்த மாதிரி.

"ஏனு பாய் இது? டீசலா, வனஸ்பதியா?"

பாய் டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து ஊற்றினார். இளகியது. இன்ஜின் இரண்டு நிமிடம் இருமியது, மறுபடி செத்தது.

"வெயில் வந்தா தானா ஓடும் சார்... ஒன்பது மணி வரைக்கும் பொறுங்க" என்று மேனேஜரிடம் கெஞ்சினார்.

"உங்க வெயிலுக்காக மேட்ச் நிக்குமா பாய்?"

வாடகை வேன்கள் வந்தன. ஏறப் போன வீரர் ஒருவர், "பஸ்ஸுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டிருக்கலாம் பாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார் — அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வேன்கள் போனதும் என்னிடம் சொன்னார்: "எல்லாம் பாமாயில் சார், குளிருக்குக் கட்டிப்போகும். சுத்தமா ஊத்தி டெஸ்ட் பண்ணினது சித்திரையில. வெளியூர்க்காரன் மறந்தா பரவால்ல... இந்த ஊர்லயே பொறந்தவன், தை மாசக் குளிர மறந்துட்டேனே."

ஒன்பது மணிக்கு வெயில் வந்தது. பஸ் சாதுவாகக் கிளம்பியது. உள்ளே யாருமில்லை. மத்தியானம் பேனரை அவிழ்த்தார்கள், ஒப்பந்தத்தையும்.

ஐந்தில் ஒரு பங்கு நல்லது செய்துகொண்டு எந்தப் பஸ்ஸும் நிற்காமல் ஓடியிருக்கும். நமக்கு அது போதுவதில்லை. நூறு வேண்டும், அதுவும் பேனரில். நூறு உறைந்தால்? அந்த ஐந்தில் ஒன்றுக்காவது திரும்பலாம் என்று யாருக்காவது தோன்றுகிறதா? நேரே பூஜ்யம்தான்.

முந்தாநாள் ஷெட்டுக்குப் போனேன். எண்ணெய் டின்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார் பாய். அவரே சொன்னார்: "பழையபடி வண்டிக் கடைக்குத்தான் சார்." தலை பழையபடி குனிந்திருந்தது.

நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் வண்டிக் கடையில் இரண்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். தெரிந்தேதான். குளிர் அப்படி.