வீடு பார்க்க வந்த ஸ்கொலர்ஷிப்

ஸ்கொலர்ஷிப்புக்கு எஸ்ஸே எழுத உதவுகிற தொழிலில் எழுதுவது லேசு. வந்தவரிடமிருந்து அவருடைய கஷ்டத்தைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு.

கிழமை நாட்களில் நான் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருக்கிறேன். போட்டோ கொப்பி, பிரிண்ட், டைப்பிங், அதோடு இதுவும். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் இருக்கிற எங்கள் சின்னக் கிளை. "நீ கடந்துவந்த ஒரு சவாலைப் பற்றி எழுது" என்று விண்ணப்பத்தில் கேட்டிருப்பார்கள். அந்த வரிக்கு முன்னால் உட்கார்ந்து, பெயருக்கும் ஊருக்கும் மேல் ஒன்றும் வராமல் முழித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

எனக்கென்று ஒரு வழி இருக்கிறது. என் அம்மப்பா ராசா கதை சொன்னாலும், ராசா அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டார் என்றுதான் தொடங்குவார். வருகிற பிள்ளையிடம் நானும் முதலில் அதைத்தான் கேட்பேன். சவால் என்றால் வாயடைத்துப் போகிறவர்கள், சாப்பாடு என்றால் கதைப்பார்கள்.

ஏழாம் மாடி

கடற்கரைப் பக்க அபார்ட்மெண்டிலிருந்து ஒரு பையன் தாயோடு வந்தான். காலையில் கோர்ன்பிளேக்ஸ். "ஏதும் கஷ்டப்பட்டிருக்கிறீரா?" என்று கேட்டேன். பையன் போனைப் பார்த்தான். தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இவனுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கேல்லைத் தம்பி" என்றார். நான் ஏதோ குற்றம் சாட்டியது போல.

கனநேரம் யோசித்து, பையனே ஒன்றைக் கண்டுபிடித்தான். கரண்ட் வெட்டின காலத்தில் லிப்ட் நின்றுவிடும். ரியூஷன் முடிந்து வந்து ஏழு மாடியும் படியில் ஏறுவான். உண்மையாக நடந்தது, அதனால் எழுதவும் வந்தது. வழியில் மூன்றாம் மாடி ஐயா தினமும் கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்ததையும் சேர்த்தோம். மோசமில்லாத எஸ்ஸே. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மேசையில் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"அண்ணா, ஏழு எண்டு போடாதைங்கோ, பன்னிரண்டு எண்டு போடுங்கோ, அப்பதான் பாவமா இருக்கும்."

நல்ல குடும்பம்

இன்னொருவர் மகனின் எஸ்ஸேயைத் தானே எழுதி, டைப் பண்ணி, பிழை மட்டும் பார்க்கச் சொல்லி நீட்டினார். பையன் நற்குணமுள்ளவன், குடி, சிகரெட் பழக்கம் இல்லை, மூத்த சகோதரி லண்டனில் கலியாணம் முடித்து நல்ல நிலையில் இருக்கிறா, சொந்த வீடு, உயரம் ஐந்து அடி ஒன்பது. வாசிக்க வாசிக்க, இதற்குப் பெண் வீட்டார்தான் பதில் போடவேண்டும் என்று தோன்றியது. மகன் என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்று ஓரிடத்திலும் இல்லை.

"ஐயா, ஸ்கொலர்ஷிப் தாறவைக்கு உங்கட வசதியைக் காட்டிறது கூடாதெல்லோ" என்றேன். என் குரல் எப்போதும் பக்கத்துக் கதிரைக்கே எட்டாது. இரண்டாம் தரமும் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"குடும்பம் நல்ல குடும்பம் எண்டு தெரிஞ்சாத்தானே தம்பி சல்லி தருவினம்."

உடைந்த இடியப்பம்

தர்ஷினி வந்தது கொட்டாஞ்சேனைக் கிளைக்கு, ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஏ.எல். சோதனை நன்றாகத்தான் செய்திருந்தாள். ஆனாலும் அரசாங்கக் கம்பஸுக்கு மார்க்ஸ் கொஞ்சம் போதாமல் போய்விட்டது. ஒரு அறக்கட்டளை, தனியார் கல்லூரியில் நேர்சிங் டிகிரி படிக்க முழுக் கட்டணமும் கட்டுகிறது. அது கிடைத்தால் நேர்ஸ். கிடைக்காவிட்டால் பெட்டா என்கிற புறக்கோட்டையில் ஒரு சாறிக் கடை. அங்கே வேலைக்கு மாமா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி அவளுக்கு இல்லை.

அவள் எழுதிக்கொண்டு வந்ததில் "எனது தந்தை வர்த்தகத் துறையில் உள்ளார், நான் சிறுவயது முதல் சேவை மனப்பான்மை கொண்டவள்" என்று இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "இடியப்பம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உடைஞ்சது" என்றாள். அம்மா இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். முழுசு கடைக்கு, உடைந்தது வீட்டுக்கு. அப்பா புறக்கோட்டையில் நாட்டாமை, மூட்டை சுமக்கிறார். இருப்பது, தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்பில் ஒரே அறை. அடுப்புக்கு மேல் சுவரில் கெமிஸ்ட்ரிச் சூத்திரங்களை எழுதி ஒட்டிவைப்பாளாம். ஆவி பட்டுப் பசை விட்டு அவை விழும். திரும்பத் திரும்ப எழுதி ஒட்டியதிலேயே எல்லாம் பாடமாகிவிட்டது என்றாள்.

நான் பேனையைக் கீழே வைத்தேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் சேவை மனப்பான்மை என்று எழுதினாய் என்று கேட்டதற்கு, அவள் உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"இதப் போயி யாருண்ணா படிப்பாங்க, எங்க தோட்டத்துல எல்லா வீட்டுலயும் இதானே நடக்குது."

அம்மாவின் திருத்தம்

மூன்று சனிக்கிழமை இருந்து எழுதினோம். சொல் அவளுடையது, நான் ஒழுங்குபடுத்தி இங்கிலீசில் போட்டேன். விழுந்த சூத்திரங்களில் தொடங்கி, அவள் நேர்ஸாக நிற்கப்போகிற ஆஸ்பத்திரி வார்டில் முடிந்தது. அனுப்புமுன் அம்மா கேட்கவேண்டும் என்று தர்ஷினி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்த உடம்பு, கையில் இரண்டு சூட்டுத் தழும்பு. உட்காரச் சொன்னாலும் உட்காராமல், நின்றபடியே கேட்டார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

மூட்டை சுமக்கிறது என்ற இடத்தில் முகத்தைத் திருப்பினார். உடைந்த இடியப்பம் என்ற இடத்தில் மகளை ஒரு பார்வை பார்த்தார். "வீட்டுச் சங்கதியெல்லாம் இப்புடி ஊருக்குச் சொல்லணுமா தம்பி?" என்றார். ஊருக்கில்லை, பணம் கொடுக்கிற இரண்டு மூன்று பேருக்கு மட்டும்தான் என்றேன். மகள் படிக்கவேண்டும், அதனால் சம்மதித்தார். கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒரே அறைனு மட்டும் போட்டுறாதீங்க தம்பி, நடுவுல கர்ட்டன் போட்டுருக்கோம்ல, ரெண்டு அறைனு எழுதுங்க."

சோபா

கர்ட்டனை ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பினோம். எஸ்ஸே அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கடைசி இரண்டு பேரில் தர்ஷினி ஒருத்தி. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டைப் பார்க்க வருகிறார்களாம் என்று போன் பண்ணினாள். எழுதியது உண்மையா என்று நேரில் பார்க்கிற வழக்கம். எழுதியதெல்லாம் உண்மைதானே என்று எனக்கு நிம்மதி. வீட்டை அப்படியே இருக்க விடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை என்பதால் கொச்சிக்கடையில் கோயிலுக்கு வந்த சனத்துக்குள் பஸ் மாட்டிக்கொண்டது. நான் போகும்போது அறக்கட்டளையில் இருந்து ஒரு ஐயாவும், ஓய்வுபெற்ற ரீச்சர் மாதிரி ஒரு அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒரு சோபா செட்டில். வீடு மாறி வந்துவிட்டேனோ என்று வாசலில் தயங்கினேன். சோபா பக்கத்து வீட்டுடையது என்று தர்ஷினி வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். பெரிய டீவி ஹெந்தளையில் இருக்கும் சித்தப்பா வீட்டிலிருந்து த்ரீவீலில் வந்தது. சுவரில் புதுப் பெயின்ற் மணந்தது. சூத்திரம் ஒன்றும் இல்லை. அடுப்பு, இடியப்ப உரல், தட்டு எல்லாம் எங்கேயோ போய்விட்டன. மேசையில் கேக், பற்றிஸ், ரோல்ஸ், கட்லட், கண்ணாடிக் கிளாசில் சோடா. வெள்ளைச் சேட்டோடு தர்ஷினியின் அப்பா சோபாவின் நுனியில், அடுத்த பஸ் ஹோல்ட்டில் இறங்கப் போகிறவர் போல இருந்தார்.

"ஐயா என்ன வேலை?" என்று ரீச்சர் அம்மா கேட்டார். அப்பா மனைவியைப் பார்த்தார். "பிஸ்னஸுங்க, பெட்டாவுல" என்றார் தர்ஷினியின் அம்மா. "இடியப்பம் அவிக்கிறது எண்டு எழுதியிருந்தது?" "அது சும்மா வீட்டுக்குங்க. நீங்க சாப்பிடுங்க, ஒண்ணுமே எடுக்கலியே." இந்தச் சோபா இவர்களுடையது இல்லை என்று நான் ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அந்த வரியை அந்தத் தாயின் முகத்துக்கு முன்னால் சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற தர்ஷினி என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் வைத்தேன்.

போகும்போது ரீச்சர் அம்மா தர்ஷினியின் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அதைக் கேட்டு அந்த முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

"நல்ல வசதியா இருக்கிறீங்கள், பார்க்கவே சந்தோஷமா இருக்கு."

பதில்

கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைக்குப் போய்விட்டது. நான் ரீச்சர் அம்மாவின் நம்பரைத் தேடி எடுத்து, சோபா, டீவி, பெயின்ற் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, எழுத்தில ஒண்டு, வீட்டில ஒண்டு; நாங்கள் கண்ணால கண்டதைத்தானே நம்பலாம்" என்றார். மற்றப் பிள்ளைக்குக் கடிதம் போய்விட்டது, அந்தப் பிள்ளைக்குத் தகப்பனும் இல்லை என்றார். அதற்குப் பிறகு எனக்கு யாரோடு கோபிப்பதென்று தெரியவில்லை.

சனிக்கிழமை தர்ஷினி கிளைக்கு வந்தாள். என்ன காரணம் என்று கேட்டாள், சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேசையில் கிடந்த ஸ்டேப்ளரை எடுத்து, ஒன்றுமில்லாத கடுதாசியில் இரண்டு முறை அடித்தாள். அப்புறம் அதை ஒழுங்காகத் திரும்ப வைத்தாள்.

"அம்மாகிட்ட மார்க்ஸ் பத்தலைன்னு சொல்லிட்டேன், கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்கண்ணா."

ஒரு பார்சல்

கொஞ்ச நாள் கழித்துத் தர்ஷினியின் அம்மாவே வந்தார். வாழையிலையில் சுற்றிய பார்சல், இடியப்பமும் சம்பலும். எனக்கு நன்றி சொல்லத்தான் வந்தாராம். தர்ஷினி சாறிக் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், நாள் முழுக்க நிற்கிறதால் கால் வீங்குகிறது என்றார். "படிச்சதுக்கு இன்னும் கொஞ்சம் மார்க்ஸ் எடுத்திருக்கலாம் இந்தப் புள்ள" என்றார். நான் ஓம், எடுத்திருக்கலாம் என்றேன்.

பார்சலைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் முழு இடியப்பம். போக எழும்பியவர், மனதில் கிடந்ததை அப்போதுதான் கேட்டார்.

"அன்னைக்கு வந்தவங்கள நாங்க கவனிச்சதுல ஏதும் குறை இருந்துச்சா தம்பி?"

இப்போதெல்லாம் எஸ்ஸேயைக் கையில் கொடுக்கும்போதே, வீடு பார்க்க வந்தால் பால் விடாத வெறுந்தேத்தண்ணி மட்டும் கொடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன், இதுவரை ஒரு தாயும் அதற்குச் சம்மதித்ததில்லை.