குரங்கணிக்கு மேல் அண்ணன் போனது

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், கூடப் பிறந்த தங்கை என்ற முறையில் என் வணக்கம். மறைந்தவரின் நல்ல குணங்களை எழுதுவது வழக்கம். அண்ணனிடம் அதற்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் எழவு வீட்டிலேயே ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. "பெத்தவகிட்டப் பண்ணுன சத்தியத்த மீறுனான், மலை காவு வாங்கிருச்சு" என்று நம்மவர்களே பேசினீர்கள். பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்று நான் கேட்டேன். யார் பேசியது என்றும் தெரியும், போகட்டும். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் பிறந்தது ராசிங்காபுரத்தில். அய்யாவுக்கு மலையில் ஏலத்தோட்டத்து வேலை. அண்ணனுக்கு மீசை அரும்பாத வயதில் அய்யாவை மலைக்காய்ச்சல் பிடித்தது. தோட்டத்து ஆட்கள் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மழையோடு மழையாகத் தோளில் சுமந்து அடிவாரத்துக் குரங்கணிக்கு இறக்கினார்கள். ஆத்தா அங்கே ஓடிப்போனபோது அய்யாவுக்கு மூச்சு இருந்தது. முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். கருமாதி அன்று ஆத்தா அண்ணனின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, குரங்கணிக்கு மேல் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அண்ணன் மதுரையில் ஒரு பட்டறையில் லேத்து வேலை பழகினார். பிறகு போடிக்கு வந்து, தகரக் கொட்டகை ஒன்றில் பழைய லேத்து ஒன்றைப் போட்டு, ஆயில் எஞ்சினில் பெல்ட்டு மாட்டி ஓட்டினார். இரும்பைச் சுழலவிட்டு, உளி கொடுத்துச் சீவிச் சீவி, வேண்டிய கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைந்த கையோடு அளக்க மாட்டார். சூட்டில் இரும்பு கூடிக் காட்டும், ஆறினால் குறையும் என்பார். மதினி சோறு கொண்டுபோனால் இதைச் சொல்லித்தான் சிரிப்பார். "இரும்பு ஆறுற வரைக்கும் பொறுமையா உக்காந்துருப்பாக. சோறு ஆறிப்போனா மட்டும் பொத்துக்கிட்டு வரும் கோவம்!" அண்ணனும் சிரித்துக்கொண்டே ஆறிய சோற்றைச் சாப்பிட்டுவிடுவார்.

கிணற்றுப் பம்புக்கும் பஸ்சுக்கும் சாமான் கடைந்ததோடு, மலைத் தோட்டங்களில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின்களுக்கும் அண்ணன்தான் அச்சுத்தண்டு கடைந்து கொடுத்தார். மலை ஏறாமல் எப்படி? தேய்ந்த தண்டை நம்பி அளவெடுக்க முடியாது. அதனால் மெஷின் சக்கரத்தின் துளைக்குள் இறுக்கமாக நுழைகிற மாதிரி ஒரு மரக்கட்டையைச் செதுக்கித் தோட்டத்திலிருந்து கீழே அனுப்புவார்கள். அதைக் காலிப்பரால் அளந்து இரும்பில் கடைந்து மேலே அனுப்பிவிடுவார். இந்த ஏற்பாட்டைச் செய்ததே ஆத்தாவுக்காகத்தான். எத்தனையோ பேர் ஜீப்பு அனுப்புகிறோம், வந்து பார்த்துவிட்டுப் போ என்று கூப்பிட்டும் அவர் அசையவில்லை.

போன கார்த்திகையில்தான் அந்த ஏற்பாடு காலை வாரிவிட்டது. மேலே அடைமழை. பழம் பறிப்பு மும்முரமாக நடந்த நேரத்தில் ஒரு தோட்டத்தில் அச்சுத்தண்டு முறிந்தது. கட்டை வந்தது, அண்ணன் கடைந்து அனுப்பினார். துளைக்குள் தண்டு லொடலொடவென்று ஆடியதாம். பச்சை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். மலை ஈரத்தில் சரியாக இருந்த கட்டை போடி வெயிலுக்கு வருவதற்குள் காய்ந்து சுருங்கிவிட்டது. சுருங்கக் கூடாது என்று அடுத்த கட்டையை ஈரச்சாக்கில் சுற்றி அனுப்பினார்கள். அது வழியெல்லாம் தண்ணீர் குடித்து ஊதிவிட்டது. அந்த அளவுக்குக் கடைந்த தண்டு துளைக்குள் நுழையவே இல்லை.

அந்தத் தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்துக் கங்காணி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மதினி தலைப்பிரசவத்துக்குப் பொட்டிபுரத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம். வீட்டில் ஆத்தாவும் அண்ணனும் நானும்தான்.

"தம்பி, பறிச்ச பழம் குமிஞ்சு கெடந்து புளிக்குது. இன்னும் ரெண்டு நாள்ல மெஷின் ஓடலன்னா ஆளுகளக் கீழ எறக்கிருவேங்கிறாரு மொதலாளி. புள்ளகுட்டியோட எங்க போகும் சனம்? நீ ஒருக்கா வந்து கண்ணால பாத்துச் சரிபண்ணிக் குடுத்துட்டா..."

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியாததா? ஆத்தாவுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். வேற கட்ட கொண்டாங்க, காஞ்ச மரமாப் பாத்து. ராவும் பகலும் உக்காந்து கடைஞ்சு தர்றேன்."

கங்காணி எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுப்படியில் இருந்த ஆத்தா வாசலுக்கு வந்து அவரை மறித்தார். அய்யாவின் கட்டிலைச் சுமந்தவர்களில் அந்தக் கங்காணியும் ஒருவர். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆத்தா மறக்கவில்லை.

"அப்பு, இவுக தூக்கியாராட்டி ஒங்கய்யா மொகத்த நான் பாத்துருக்க மாட்டேன். போயிட்டு வா."

"என்ன ஆத்தா சொல்ற? சத்தியம்?"

"கேட்டு வாங்குனவ நாந்தான? நானே விட்டுட்டேன். போ. சோலி முடிஞ்சதும் வெரசா வந்துரு."

 அண்ணன் அரத்தையும் உப்புத்தாளையும் பையில் போட்டு, அந்தத் தண்டையும் எடுத்துக்கொண்டு கங்காணியோடு புறப்பட்டார். நுழையாத தண்டை அங்கேயே வைத்து அராவி, தேய்த்து, துளையில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து என்று மழையிலும் கொசுக்கடியிலும் ஷெட்டிலேயே தங்கிப் பொருத்தியிருக்கிறார். மெஷின் ஓடிய பிறகுதான் இறங்கினார். வந்த கையோடு பொட்டிபுரம் போய்ப் பிறந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். "மூக்கு என்னமோ ஒன்னைய மாதிரிதேன் இருக்கு, பாவம்" என்று என்னைக் கேலி செய்தார். அதன்பின் குளிர்க்காய்ச்சல் வந்தது. வைத்தியம் பார்த்தோம், கேட்கவில்லை. அண்ணன் போய்விட்டார். எனக்கு இருந்தது ஒரே அண்ணன்.

படுக்கையில் கிடந்தபோது பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஏன் போனாய் என்று கேட்டீர்கள். "எனக்குத்தேன் போகணும்னு தோணுச்சு" என்றே எல்லோருக்கும் சொன்னார். ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "ஆத்தா அனுப்புச்சுன்னு யாருகிட்டயும் மூச்சு விட்ராத. நாளைக்கு நான் இல்லாமப் போனா ஊரு அதக் கொன்னுரும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். கங்காணியிடமும் அதையே சொல்லியிருக்கிறார் போலும். அவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் நீங்கள் பேசியபோது நான் ஊமையாக நின்றேன். 

உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மருந்துக்காக மதுரைக்கும் போடிக்குமாகப் பஸ்சில் அலைந்த பக்கத்துக் கடை ராவுத்தருக்கும், வேலையைப் போட்டுவிட்டு மலையிலிருந்து நடந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த தோட்டத்து ஆட்களுக்கும், மதினியையும் பிள்ளையையும் தாங்கிக்கொண்ட பொட்டிபுரத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் போட்டால் யாராவது விட்டுப்போய் வருத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். அண்ணன் தானாக மலைக்குப் போனார் என்றுதான் அதில் இருந்தது. அச்சுக்குக் கொடுக்குமுன் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் ஆத்தா நிறுத்தச் சொன்னார்.

"பொய்யி எழுதாத."

"அண்ணன் சொல்ல வேணாம்னுச்சு ஆத்தா. ஊரு ஒன்னையத்தேன் பேசும்."

"பேசட்டும். நான் இருக்கேன், கேட்டுக்கிர்றேன். அவன் எப்படிடி வந்து பதில் சொல்லுவான்? நாந்தேன் அனுப்புனேன்னு எழுது. எம்மவன் எஞ்சொல்லத் தட்டவே இல்லன்னு எழுது."

எழுதிவிட்டேன்.