எட்டு பர்சன்ட் தூரம்

வண்டியை நிறுத்தி இறங்கியதும், கதவைக்கூடச் சாத்தாமல் முன்பக்கம் வந்து பானெட்டில் காதை வைக்கிறார். ஒன்றும் கேட்காது. பேட்டரி கார், நின்றாலும் ஓடினாலும் ஒரே அமைதிதான். இருந்தாலும் இருபத்திரண்டு வருடம் டீசல் வண்டி ஓட்டிய காது அதை நம்புவதில்லை. பிறகு உள்ளே தலையை நீட்டி, திரை அணைந்திருக்கிறதா என்று பார்த்து, "சரி, தூங்கிருச்சு" என்கிறார்.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் பர்சன்ட் அண்ணன். டாக்ஸியை பேட்டரிக்கு மாற்றிய நாளிலிருந்து அவர் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதே இல்லை, பேட்டரி எவ்வளவு குறையும் என்றுதான் சொல்வார். ரயில் நிலையம் ஐந்து பர்சன்ட், மகள் வீடு பதினொன்று. "சம்பந்தி வீட்டுக்குப் போக வர அம்பது பர்சன்ட்டுங்க. அவ்ளோ பாசமெல்லாம் இல்ல" என்று சொல்லி அவரே சிரிப்பார்.

வாரத்தில் மூன்று நாள் என்னை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர் அவர்தான். நான்கு மணி நேரம் என் ரத்தம் இயந்திரத்தில் சுற்றும். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் அவர் வண்டி அதே நான்கு மணி நேரம் சார்ஜ் ஏறும். "டீச்சருக்கும் வண்டிக்கும் ஒரே நேரத்துல ஒயர் மாட்டுறாங்க" என்பார். நர்ஸ் எத்தனை முறை முறைத்தும் இந்த நகைச்சுவையை அவர் கைவிடவில்லை.

டீசல் காலத்தில் வீடு திரும்புவது எனக்குப் பெரும்பாடு. சிகிச்சை முடிந்த உடம்பு அந்தப் புகை வாடையையும் நடுக்கத்தையும் தாங்காது. சிக்னலில் வண்டி நின்று உறுமினாலே குமட்டும். அவர் திரும்பிப் பார்க்காமல் வாந்திக்கு ஒரு காகித உறையைப் பின்னால் நீட்டுவார். இப்போது தூங்கிக்கொண்டே வந்து சேர்கிறேன். வீட்டில் ஒரு வாய் சாப்பிடவும் முடிகிறது. இதற்கு நன்றி சொன்னால் மனிதருக்குக் கோபம் வரும்.

"உங்களுக்காகவா மாத்துனேன்? டீசல் போட்டுக் கட்டுப்படியாகல, மாத்துனேன்."

கணக்கு அவ்வளவு எளிதில்லை என்று எனக்குத் தெரியும். டீசல் செலவு மிச்சம்தான். ஆனால் வண்டித் தவணை இரண்டு மடங்கு. வெளியூர்ச் சவாரிகள் டீசல் வண்டி வைத்திருக்கும் அவர் மச்சானிடம் போய்விட்டன. "மாமா, தெருமுனை தாண்டுமா உங்க வண்டி?" என்று அவன் கேலி வேறு.

காது வைக்கும் பழக்கம் போன மாதம் வந்தது. அன்று ஆஸ்பத்திரி சார்ஜர் பழுது. வண்டியில் இருந்தது இருபத்தெட்டு பர்சன்ட். சத்தம் இல்லையே, அணைத்தாயிற்று என்று நினைத்து, ஏசி ஓட ஓட வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வந்தபோது திரையில் ஒன்பது. என் வீடு எட்டு பர்சன்ட்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. நல்ல வெயில், எனக்கோ நிற்கவே தெம்பில்லை.

"ஏசியை நிறுத்திடுங்க அண்ணே."

"நீங்க கண்ண மூடிக்கிட்டுப் படுங்க டீச்சர். வண்டி என் பாடு."

ஏசியை நிறுத்தவில்லை. மேம்பாலம் ஏறினால் ஒரு பர்சன்ட் போய்விடும் என்று அடியிலேயே சுற்றி, மாட்டு வண்டி வேகத்தில் உருட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள். எங்கள் வாசலில் திரை ஒன்று காட்டியது. அவர் வீட்டுக்கு இன்னும் ஆறு வேண்டும்.

என் கணவர் சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தார். "வேணாங்க, உங்க கரண்ட்டு" என்று முரண்டு பிடித்த அண்ணன், வேறு வழியில்லாமல் சார்ஜர் கேபிளைத் தேடி டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தார். பொத்தென்று ஒரு கட்டு விழுந்தது. ரப்பர் பேண்டு போட்ட காகித உறைகள். டீசல் வண்டியை விற்றபோது அதிலிருந்து இதற்கு மாற்றியிருக்கிறார். எட்டு மாதமாக ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"இது எதுக்குண்ணே இன்னும்?" என்றேன்.

"அட, கவனிக்கல" என்று உறைக் கட்டை என் கணவரிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் கூப்பிட்டு, அதிலிருந்து ஒன்றை உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.