முப்பத்தெட்டு நிமிஷம், இரண்டு சுரம்

ஞானசிகாமணிக்குச் சொந்த ஊர் பாறசாலை. திருவனந்தபுரத்தில் அரசு அலுவலகக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கல்யாணங்களிலும் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். அந்தக் கீபோர்டில் நூறு தாளங்கள் இருந்தன. கல்யாண வீட்டார் நூறையும் கேட்டார்கள். பெண் உள்ளே வர ஒன்று, கேக் வெட்ட ஒன்று, பிரியாணிக்கு வரிசையில் நிற்க ஒன்று. பதினெட்டு வருஷத்தில் அவருக்குச் சத்தமே திகட்டிவிட்டது.

2003-இல் மகள் ரெம்யாவின் படிப்புக்கென்று கம்ப்யூட்டர் வாங்கினார்கள். படிப்பு நடந்ததோ என்னவோ, அப்பாவுக்குப் பாட்டு அமைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை அவள் ஏற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டே இரண்டு சுரங்களை வாசித்து, அவை தானாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்தார். அதையே இன்னொரு தடத்தில் ஒரு மயிரிழை மெதுவாக ஓடவிட்டார். இரண்டும் விலகின, தூரம் போயின, கடைசியில் வந்து சேர்ந்தன. முப்பத்தெட்டு நிமிஷம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி ஜெயஷீலா கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்தாள்.

"இஞ்ச பாருங்க, மெஷின் சிக்கிக் கிடக்கு. நிப்பாட்டப்பிடாதா?"

"சிக்கல்ல. இதாக்கும் பாட்டு."

அந்த வருஷம் குடியிருப்போர் சங்கத்து ஓண விழாவில் அவருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினார்கள். நாலாவது நிமிஷத்தில் மைக்செட் வேலாயுதன் மேடையேறி வயரை ஆட்டிப் பார்த்தார். ஏழாவது நிமிஷத்தில் செயலாளர் ஏறி, அவரும் ஆட்டினார். எல்லாம் முடிந்ததும் முன்வரிசை சரோஜம் டீச்சர் அன்போடு கேட்டார்: "டியூனிங் முடிஞ்சுதல்லோ, இனி பாட்டு தொடங்கலாமே?"

ஜெயஷீலாவின் தம்பி அனில் நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில், வாஷிங் மெஷின் புகார்களுக்குப் போன் எடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிறு சாப்பிட வந்தவன் தன் கஷ்டத்தைச் சொன்னான். போனில் காத்திருப்பவர்களுக்கு மூணு நிமிஷப் புல்லாங்குழல் போட்டிருந்தார்களாம். 'ஏழு தடவை கேட்டாச்சு' என்று ஆட்கள் எண்ணிச் சொல்லித் திட்டுகிறார்களாம்.

"அத்தான், எப்ப தொடங்கிச்சு, எப்ப முடியும்ணு கேக்கவனுக்குத் தெரியப்பிடாது. அப்பிடி ஒண்ணு வேணும்."

ஞானசிகாமணி சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். அவருடைய கலையை அதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

கம்பெனியில் நாலு அதிகாரிகள் ஏசி அறையில் அமர்ந்து முழுசாகக் கேட்டார்கள். முடிந்தது இரண்டு பேருக்குத் தெரியவில்லை. அங்கேயே ஒப்புதல் கிடைத்தது. அடுத்த மாதம் புகார்கள் பாதியாகக் குறைந்தன. மெஷின்கள் திருந்தினவா, ஆட்கள் வெறுத்துப் போனார்களா என்று கம்பெனி விசாரிக்கவில்லை.

ஒருநாள் அவரே அந்த எண்ணைக் கூப்பிட்டார். பத்தொன்பதாவது நிமிஷம் ஒரு பெண் எடுத்தாள்.

"சார், உங்க மெஷினுக்கு என்ன பிரச்சினை?"

"எனக்கு மெஷினே இல்ல, மோளே. பாட்டு கேக்கத்தான் விளிச்சேன். திரும்ப அதிலயே போட்டுடுவியா?"

அவள் போட்டாள்.

அப்புறம் புது மேனேஜர் வந்தார். முப்பது விநாடிக்கு ஒருதரம், சுரங்களுக்கு மேலே ஒரு பெண்குரலை ஏற்றினார்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது." ஞானசிகாமணி லீவு போட்டு, பஸ் ஏறிக் கழக்கூட்டம் போய்ச் சண்டை பிடித்தார்.

"வெறும் சத்தம்தானே சார் இருந்தது? ஒரு ஹியூமன் டச் வேண்டாமா?" என்றார் மேனேஜர்.

இரண்டு நாள் ஞானசிகாமணி கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மூணாம் நாள் அனிலிடம் அந்த வாக்கியத்தை மட்டும் சிடியில் வாங்கினார். சுரம், தாளம் எதுவும் வைக்கவில்லை. அந்தக் குரலையே இரண்டாக்கி, ஒன்றைக் கொஞ்சம் பிந்த விட்டார். பத்தாவது நிமிஷத்தில் 'முக்கியமானது' உதிர்ந்து, 'மு'வும் 'து'வும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தன. மொத்தம் ஐம்பத்தொரு நிமிஷம்.

ஜெயஷீலா பூண்டு உரித்தபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"இது கொள்ளாம், தேவலை. வார்த்தையாவது இருக்கே."

பதினாலாவது நிமிஷம் வரை இருந்தாள். அந்த வீட்டில் அவ்வளவு நேரம் யாரும் இருந்து கேட்டதில்லை.