தனித்தட்டு

விடுமுறை நாளில் துபாயின் பெரிய ரெஸ்டாரண்ட் ஒன்றில் நானும் அறைத்தோழனும் பிரியாணியை ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேனேஜர் வேகமாக வந்தார். எங்கள் ஊர் புதுமடத்தில் எனக்குப் பக்கத்துத் தெருக்காரர்.

"ஏலே, இங்கன ஒரே தட்டுல கையப் போட்டுத் திங்காதீங்கடா. பாக்குறவுக என்ன நினைப்பாக?" என்று இன்னொரு தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போனார்.

நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கைபோடும் பெரிய தட்டான சகனில் தின்று வளர்ந்த உடம்புதானே அவருடையதும்? சண்டை போட்டால் விசா போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஊரில் ஒரு கல்யாண விருந்து. அதே மேனேஜர் என் சகனிலேயே வந்து உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினார். பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"அண்ணனுக்குத் தனித்தட்டு கொண்டாங்கப்பா. பாக்குறவுக என்ன நினைப்பாக?"