நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தவர்

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நாற்காலி விற்கும் ஒருவர், சிங்கப்பூரில் கிளமெண்டியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. நடைவழியில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் ஆரஞ்சு பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார்.

“காலு, முதுகு எல்லாம் ஒரே வார்ப்பு, ஆன்ட்டி. ஒரு ஸ்க்ரூகூட இல்ல. வெளிநாட்டுல பெரிய டிசைனர் செஞ்சது லா.”

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இந்த ஓட்டையெல்லாம் யாரு போட்டது?”

“நான்தான் தம்பி. கம்பியைக் காய்ச்சிப் போட்டேன். வீட்டுக்காரருக்கு நிக்க முடியாது, இதுல உக்கார வெச்சுத்தான் குளிப்பாட்டுறேன். தண்ணி தேங்குச்சு. கெடுத்துட்டேனா?”

துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஓரம் கீறாதபடி நான் தேய்த்து வைத்திருந்ததையும் கவனித்தார்.

“அந்த டிசைனர் தண்ணிய நெனச்சுப் பாக்கல, நீங்க பாத்தீங்க. கடைக்குக் கேக்கலாம்னு நெனச்சேன். வேலையில இருக்கிற நாற்காலி, கேக்க மாட்டேன்.”

நிமிர்த்தி, வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்.

செய்தவர் டென்மார்க்காரர் என்றாரோ, இத்தாலிக்காரர் என்றாரோ. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். துளைகள் ஏழு. அது எனக்கு நிச்சயம்.