கூரை ஒழுகவில்லை

மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அப்போதும் விடிகாலையில் எங்கள் அறைக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

எழுபதுகளின் தொடக்கம். காளிகாட்டில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளும், மொட்டை மாடியில் தகரம் வேய்ந்த ஓர் அறையும் எங்கள் வாடகை. அந்த ஊர் வங்காளிகள் மாடி அறையைச் சிலேகோட்டா என்பார்கள். கீழே மூத்தவரும் மன்னியும், அதாவது என் கணவரின் அண்ணாவும் அவர் மனைவியும். சமையலும் பூஜையும் அங்கேதான். மேலே நாங்கள் இருவரும் ஒன்றரை வயதுப் பிள்ளையும். எங்களோடு மன்னியின் மடித் துணிகளும்.

மடித் துணி என்றால், சாயங்காலம் துவைத்து, யார் கையும் படாமல் உயரத்தில் உலர்த்தி, மறுநாள் குளித்துவிட்டுக் கட்டிக்கொள்வது. மன்னியின் ஒன்பது கஜம், மூத்தவரின் பூஜை வேட்டி, உத்தரீயம். மொட்டை மாடியில் உலர்த்தினால் வீட்டுக்காரரின் வேலைக்காரி தொட்டுவிடுவாள். அடுத்த வீட்டு மீன் புகை ஏறிவிடும். அதனால் எங்கள் அறைக்குள் தகரத்துக்கு ஒரு முழம் கீழே மூங்கில் கட்டி, கோலால் தூக்கிப் போடுவாள் மன்னி. எங்கள் தலைக்கு மேலே தொங்கலாம். எங்கள் விரல் மட்டும் படக்கூடாது.

மீன் புகை உள்ளே வராமலிருக்க ஜன்னலையும் சாத்தியாகிவிட்டது. அந்த ஊர்ப் பழைய வீடுகளில் சுவரின் உச்சியில் பூப்போல ஓட்டை விட்டுக் கட்டியிருப்பார்கள். குல்குலி என்று பெயர். காற்று வரத்தான். மூத்தவர் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் நனைத்து அதையும் அடைத்தார். ஏதோ அணை கட்டியவர்போல இறங்கி வந்தார். எதிர் மாடிப் பெண்ணை எல்லாரும் பௌதி, அண்ணி, என்று கூப்பிடுவோம். அவளும் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லது, ஜன்னலைத் திறக்காதே, குழந்தைக்குக் குளிர் பிடித்துக்கொள்ளும் என்றாள். வங்காளிகளும் எங்கள் வீட்டாரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். எல்லாவற்றையும் சாத்து.

பிள்ளைக்கு ஐப்பசி முடியும்போதே இழுப்பு தொடங்கியது. படுக்கப் போட்டால் நெஞ்சில் விசில் அடிக்கும். தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டால்தான் தூங்குவான். தெருமுனை ஹோமியோபதி டாக்டர் சர்க்கரை உருண்டை கொடுத்தார். "இந்தக் குளிர் தாண்டட்டும், பார்க்கலாம்" என்றார். எதைப் பார்ப்பது என்று கேட்கப் பயமாக இருந்தது.

மெத்தையில் தண்ணீர் சொட்டுவது அதற்கு மேல். மூத்தவர் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினார். வீட்டுக்காரர் சால்வையும் குரங்குக் குல்லாயுமாக வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ப்ரிஷ்டி கொதாய்? மழை எங்கே, ஐயா? உங்க மதராஸிலேருந்து கொண்டுவந்தீங்களா?"

"மழை இல்லேன்னா இது என்ன?"

"அதை உங்க சாமியைத்தான் கேக்கணும்."

ஆனாலும் கூரை வேலை தெரிந்த ஒரு மிஸ்திரியை அனுப்பினார். மிஸ்திரி ஏறித் தகரம் முழுக்கத் தார் பூசினான். இரண்டு தடவை டீ குடித்தான். மறுநாள் விடிகாலை அதே சொட்டு.

மூத்தவருக்கு ஆபீஸில் நல்ல பெயர். எதற்கும் காரணம் சொல்லத் தெரிந்தவர். "பனி தகரத்துக்குள்ள ஊறி எறங்கறது" என்றார். தகரத்தில் பனி ஊறுமா என்று யாரும் கேட்கவில்லை. அவர் ஊறும் என்றால் ஊறும். தகரத்துக்கு அடியில் பாலிதீன் ஷீட் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். என் கணவர் அடித்தார், ஓரமெல்லாம் இடைவெளியாக. அண்ணா சொன்னால் அவர் எதையும் அடிப்பார். நாலாம் நாள் பாலிதீன் பசுவின் மடிபோலத் தொங்கியது. மறுநாள் ஆணி பிடுங்கிக்கொண்டு அத்தனை தண்ணீரும் பிள்ளையின் படுக்கையில் கொட்டியது. நல்லவேளை, அவன் என் தோளில் இருந்தான். மூத்தவர் வந்து பார்த்தார். ஆணி போதாது என்றார். என் கணவர் இன்னொரு ஷீட் வாங்கிவந்து, ஓரத்தையும் அடைத்து இன்னும் நிறைய ஆணி அடித்தார்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து தந்தி வந்தது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு தாயாதிச் சித்தப்பா போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்குப் பத்து நாள் தீட்டு. பூஜை கிடையாது, மடி கிடையாது. எல்லாத் துணியும் மொட்டை மாடியில் வெயிலில் உலர்ந்தது. எங்கள் மூங்கில் காலி.

சொட்டு நின்றுவிட்டது. பிள்ளையின் விசிலும் குறைந்தது. ஒருநாள் படுக்கையில் படுத்தே கொஞ்ச நேரம் தூங்கினான்.

"பாத்தியா, பாலிதீன்" என்றார் மூத்தவர். வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, தார் என்றார். ஹோமியோபதி டாக்டர் சர்க்கரை உருண்டை என்றார். மன்னி, காளிக்கு வேண்டிக்கொண்டேன் என்றாள். பேர் வாங்க அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். செத்துப்போன சித்தப்பாவை ஒருவரும் சொல்லவில்லை.

தீட்டு கழிந்த அன்று வீட்டிலிருந்த அத்தனை துணியையும் மன்னி நனைத்தாள். சாயங்காலம் மூங்கில் வளைந்துபோகும் அளவுக்கு எங்கள் அறையில் தொங்கவிட்டுப் போனாள். விடியும் நேரம் பிள்ளை மூச்சுக்குத் திணறினான். உதடு நிறம் மாறியிருந்தது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அண்ணாந்தேன். பாலிதீன் அடிப்பக்கம் முழுக்கத் துளி. ஈரத் துணிக்கு நேர் மேலே மட்டும் கனமாக, நெருக்கமாக. சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பினால் எப்படி இருக்கும், அப்படி. பத்து வயதிலிருந்து தினமும் மூடியைத் திருப்புகிறவள் நான். ஐந்தாவது வரைதான் படித்தேன், சரி. இதற்குப் படிப்பா வேண்டும்? இத்தனை நாள் தோன்றவில்லை என்றால், எங்கள் வீட்டு மூளையில் என் மூளையும் சேர்ந்ததுதான்.

கணவரை எழுப்பினேன்.

"கொடியைக் கழட்டுங்கோ."

"மன்னி என்ன சொல்லுவா?"

"குழந்தையைப் பாருங்கோ."

பார்த்தார். "அண்ணா வரட்டும், கேட்டுண்டு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். தொங்கிய துணி ஒவ்வொன்றையும் கையால் தொட்டேன். நன்றாக, அழுத்தித் தொட்டேன். மன்னி குளித்துவிட்டு ஈரத்தோடு கோலைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி பண்றே?"

"தொடறேன், மன்னி."

"பைத்தியமா பிடிச்சிருக்கு? மடி போய் அத்தனையும் விழுப்பாயிடுத்தே!"

"ஆகட்டும். இனிமே இங்கே எது தொங்கினாலும் தொடுவேன். தினம் தொடுவேன்."

"மீன் நாத்தத்துல கொண்டுபோய் உலத்தச் சொல்றியா?"

"எங்க வேணா உலத்துங்கோ. இவன் தலைக்கு மேல வேண்டாம்."

"பகவானுக்கு ஆகாதுடி!"

"பகவானுக்கு இழுப்பு கெடையாது, மன்னி. இவனுக்கு இருக்கு."

சத்தம் கேட்டு மூத்தவர் ஏறிவந்தார். துணிக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பித்தார். மன்னியின் கையிலிருந்த கோலை வாங்கினேன். அதுவும் விழுப்பாயிற்று. அதாலேயே குல்குலியைக் குத்தினேன். பேப்பர் கறுத்து, ஈரமாக, பூஞ்சை பிடித்துக் கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு கட்டி மூத்தவரின் காலடியில். குளிர்காற்று வந்தது. கடுகெண்ணெய்ப் புகையும் வந்தது. எதிர் மாடியிலிருந்து பௌதி, மூடு, மூடு என்று கத்தினாள். திறந்தே வைத்தேன். பிள்ளைக்குக் கம்பளி சுற்றினேன்.

அன்றைக்கே மூங்கில் கீழே அவர்கள் அறைக்குப் போயிற்று. அங்கேயும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் அவர்கள் சுவர் கறுத்து, சுண்ணாம்பு உரிந்தது. மூத்தவர் மறுபடி வீட்டுக்காரரைப் பார்த்தார். மிஸ்திரி மறுபடி வந்தான். வேறு கூரை இல்லாததால் எங்கள் தகரத்துக்கே இன்னொரு தடவை தார் பூசினான். அதற்கும் இரண்டு டீ.

மன்னி என்னோடு பேச்சை நிறுத்தினாள். வருஷக் கணக்கில் பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். எனக்கு ஒன்றும் குறையவில்லை. என் கணவர் மட்டும், நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றார். எதுவரைக்கும் என்று கேட்டேன்.

பிள்ளையின் இழுப்பு முழுக்கப் போகவில்லை. குளிர்காலத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் அந்த மாசி மாதத்தில் இரவு முழுக்கப் படுத்தே தூங்கினான். நானும் பாயில் முதுகை நீட்டினேன்.